ஓட்டை விழுந்த தொப்பி

12.8.1963, திங்கள்

எங்கள் ஆயுதப்படைக்கு இரும்புத் தொப்பி வாங்க இரண்டு மாதிரிகள் வந்திருந்தன. எது தாங்குமென்று பார்க்க, மலையடிவாரத்தில் வைத்து நானே சுட்டேன். கனமானது நெளிந்ததோடு சரி. லேசானதைக் குண்டு துளைத்துக்கொண்டு போய்விட்டது. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அதிகாரி அந்த ஓட்டைத் தொப்பியையே மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். "இதுதான்யா எடுப்பா இருக்கு. இதையே வாங்கிருவோம்."

"ஐயா, குண்டு தாங்கலையே!"

"திண்டுக்கல்லுல நம்மள எவன்யா சுடப்போறான்? கல்லுதான் வரும்."

"அப்ப எதுக்குய்யா சுட்டுப் பாக்கச் சொன்னாரு?" என்று ஏட்டு கந்தசாமி என் காதில் கேட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சிபாரிசில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நாளையிலிருந்து நிலக்கோட்டைக் கஜானாவுக்குக் காவல் போகச் சொல்லிவிட்டார் அதிகாரி. போகிறேன், எனக்கென்ன. அந்தத் தகரத்தை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்கப்போவது கந்தசாமிதான். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?