மூச்சுக்கு மூன்று சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்க வேண்டுமென்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதில் முன்பாதி உண்மையில்லை. ஆகவே பின்பாதி மட்டும்: நலமறிய ஆவல்.

அப்பா ஒன்பது நாளாக மருத்துவமனையில் இருக்கிறார். பயந்துவிடாதே, முதலில் இதைப் படி: இன்று மதியம் அவரே எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார், உப்பு போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார். நோய்க்கு டாக்டர் சொன்ன பெயர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. கல் பட்டறைத் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து பல வருடமாகப் பார்த்த வேலை. போன வருடமே மூச்சு வாங்கியிருக்கிறது, சளி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று எங்கள் இருவரிடமும் சத்தியம் கேட்டார். அத்தை செய்துவிட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தலையாட்டல் சத்தியமாகுமா என்று இரண்டு நாள் யோசித்து, ஆகாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அப்பாவின் கட்டில் ஜன்னலோரம். தலைப்பக்கம் உயர்த்தியே இருக்கும். முன்னால் சக்கரம் வைத்த சின்ன மேசை, அதன்மேல் ஒரு தலையணை. மூச்சு முட்டினால் முழங்கைகளை அதில் ஊன்றிக் குனிந்து உட்கார வேண்டும். பார்த்தால் வகுப்பில் தூங்குகிற பையன் மாதிரி இருக்கும், ஆனால் அப்படி உட்கார்ந்தால் நெஞ்சுக்கு வேலை சுலபமாம். இதெல்லாம் எங்கள் வார்டு சிஸ்டர் சொல்லித் தந்தது. குட்டையானவர், வேக நடைக்காரர். நான் கேள்வி கேட்டால் ஓடிக்கொண்டே பதில் சொல்வார், அதனால் நானும் பின்னாலேயே ஓடுவேன். மூச்சை மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்திச் சுடர் ஆட வேண்டும் ஆனால் அணையக் கூடாது என்கிற அளவுக்கு மெல்ல ஊத வேண்டும். தினமும் நானும் அப்பாவோடு ஊதுகிறேன். அப்பா என்னைவிட நன்றாக ஊதுகிறார்.

அத்தை செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டும். ஆக்சிஜன் குழாயின் அளவு எப்போதும் இரண்டில் இருக்கும். தம்பிக்குக் கஞ்சத்தனமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் அத்தை அதை நான்குக்குத் திருகிவிட்டாள். அப்பா அசந்து தூங்கினார். பாவம், பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறான் என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். சிஸ்டர் வந்தார், ஒரு பார்வைதான், அளவை மறுபடி இரண்டுக்கு இறக்கிவிட்டு அப்பாவைத் தட்டித் தட்டி எழுப்பினார். அது தூக்கமில்லை, மயக்கம். இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்தாம். மறுநாள் சிஸ்டரே அத்தையைக் கூப்பிட்டு, இனிமேல் அளவு இரண்டில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். இப்போது அத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறாள்.

சிஸ்டர் நாடி பார்க்கும்போது மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மணிக்கட்டை இவ்வளவு நேரமா பிடித்திருப்பார்கள்? பின்னால் ஓடிப் போய்க் கேட்டேன். நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல், அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுகிறாராம். "எண்ணுறேன்னு தெரிஞ்சா எல்லாரும் அழகா மூச்சு விட ஆரம்பிச்சிடுவாங்க" என்றார்.

அம்மா, இப்போது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. நீ தொலைபேசியில் கூப்பிடுவதற்குக் கால் மணி முன்பே அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். தலையணையில் கை ஊன்றிக் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தார். நீ கூப்பிட்டதும் "நல்லா இருக்கேன். நீ சொல்லு" என்றார். நீ சொன்னாய். நீ சமைக்கிற முதியோர் இல்லத்துக்கு வந்திருக்கும் புது அடுப்பு, கூட வேலை செய்பவளோடு போட்ட சண்டை, இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பதற்கான ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்பது. "போட்டுடு. நீ சொல்லு" என்றார் அப்பா. கடைசியில் என்னிடம், "உங்கப்பா இப்பதான்டி நான் பேசுறதைக் காது கொடுத்துக் கேக்குறாரு" என்று சொன்னாய். அந்தச் சந்தோஷம் உன் குரலில் தெரிந்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அப்பா அரை மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்த சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் வருகிறது என்றார். அதுவும் ஒரு அளவாம். ஒரே மூச்சில் முழு வாக்கியம் வந்தால் நல்லது, துண்டு துண்டாக வந்தால் கவனிக்க வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது ஒரு வார்த்தையா மூன்றா என்று கேட்டேன். "அதை உங்க டீச்சர்கிட்ட கேளு. எனக்கு மூச்சு எங்க உடையுதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார். மூச்சு உடைகிற இடத்தில் ஒரு சாய்கோடு போட்டு எழுதவும் காட்டித் தந்தார்.

பட்டறையில் அப்பாவின் பட்டப்பெயர் ரேடியோ என்பது உனக்கே தெரியும். வீட்டுக்குப் போய் என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் பேசியதை எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு மாதத்துக்கு முன் அப்பா உன்னை ஒரு வார்த்தை பேச விடாமல் பேருந்து நடத்துனர் கதையை ஒன்றரைப் பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறார். ஏழு மாதத்துக்கு முன் முதல் 'நீ சொல்லு'. போன மாதம் ஒரே அழைப்பில் பதினொன்று. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இது எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

போன நுரையீரல் திரும்ப வராது, ஆனால் வீட்டில் பக்குவமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இருப்பதை வைத்துக்கொண்டு பல வருடம் நன்றாக இருக்கலாம் என்கிறார் சிஸ்டர். மருந்தை உறிஞ்சும் முறை, குளிக்க முக்காலி, வயிறு முட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு எல்லாம் கற்றுக்கொண்டு வருகிறேன். நீ என்ன செய்ய வேண்டுமென்று நான் எழுதப் போவதில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்திருந்த உன் தோழி நாளைக் காலை விமானத்தில் அங்கே திரும்புகிறார். போகிற வழியில் வார்டுக்கு வந்து இதை வாங்கிக்கொள்வார்.

அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பினால் அதுவும் மறைப்பதுதானே. அதனால் சற்று முன் இதுவரை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு இடத்தில்தான் நிறுத்தினார். அது நடத்துனர் கதை இல்லையாம், டிக்கெட் பரிசோதகர் கதையாம். பிறகு தலையணையில் கை ஊன்றி, உதட்டைக் குவித்து நாலைந்து முறை ஊதிவிட்டு, எழுதிக்கொள் என்று கை காட்டினார். கோடுகள் அவர் மூச்சு உடைந்த இடங்கள். நான் எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

"கையெழுத்து இப்ப போட / வேண்டாம். நேர்ல வந்து / நீ சொல்லு. நான் / கேக்குறேன்."

உன் அன்பு மகள்

பி.கு.: வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.