அவ கணக்கு ராமகுப்பத்துல

திருப்பதி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நைனாவுக்கு,

பவன் எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அதனால் அந்த விசாரிப்பையெல்லாம் விட்டுவிடலாம். போனில் அக்கா பேச்சை எடுத்தாலே "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

வேர்க்கடலைக்கு ஜிப்சம் போட்டாயிற்றா? போன தடவை மாதிரி தள்ளிப்போட்டால் காயெல்லாம் உள்ளே பருப்பில்லாமல் பொக்காகிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும். விஜயபுரத்தில் கிடைக்கவில்லை என்றால் இங்கிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

இனி விஷயம். எங்கள் ஆபீஸ் சர்வேக்காக தேவசேனா என்ற பெண் போன வாரம் நம் வீட்டுக்கு வந்தாளே, அவளிடம் நீங்கள் சொன்ன பதிலைப் பற்றி. ஆபீசில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பதிலை நான் திறந்து பார்த்தால் வேலை போய்விடும். ரூபா அக்காதான் சொன்னாள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது அக்கா டீயோடு நின்றிருக்கிறாள். உங்களைச் சொன்னீர்கள், அம்மாவைச் சொன்னீர்கள், பிறகு "பையன் கீறான், திருப்பதியில ஆபீஸ் வேலை" என்றீர்கள். டீயை வாங்கிக்கொண்டே, இவங்க யாரு என்று அவள் கேட்டதற்கு, "பொண்ணு. வந்துக்கினு போய்க்கினு கீறா. அவ கணக்கு ராமகுப்பத்துல, புருஷன் வீட்ல" என்றீர்களாம்.

நைனா, அந்தக் கேள்விக்கு ஒரு விதி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்தான் வீட்டு ஆள். நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன், பண்டிகைக்கு வருகிறேன். விருந்தாளி நான்தான். அக்கா போன சங்கராந்திக்கும் முன்னால் வந்தவள், இன்னும் திரும்பிப் போகவில்லை. தினமும் உங்கள் உலையை ஏற்றுகிறவளே அவள்தான்.

இந்த சர்வே நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. அதன் கணக்கில் கல்யாணமாகிப் போன பெண்கள் ஏராளம். திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பதில்களைக் கூட்டிப் பார்க்க நான் எழுதிய புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து வெறிபிடித்த மாதிரி தேடினேன். எங்கள் ஹெட் நீரஜா மேடம் பார்த்துவிட்டு, புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது, வீடுகளில்தான் சொல்ல மாட்டார்கள் என்றார். நான் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டேன். இப்போது எந்த முகத்தோடு அவர் எதிரே உட்கார்வது?

சர்வே கெட்டுப்போனால் போகட்டும். தேவசேனா போன பிறகு அக்கா எனக்கு போன் போட்டு, "விருந்தாளி எத்தினி நாளுடா துன்னுக்கினு கீறது, நான் கெளம்பறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவைக் கேட்டால், "ஞாயித்துக்கெழம உங்க நைனாவே கொண்டும்போய் உடறாராம்" என்கிறாள். சித்தூரில் பஸ் மாறி ராமகுப்பம். அவ்வளவுதானா?

அவள் புருஷன் ஹேமநாத்தை மாமா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இடுக்கில் அவள் கை இருக்கும்போதே பட்டுப்புழு ஷெட் கதவை அடித்துச் சாத்தியவன். மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்புவதில்லை, குடத்தை இடது கையில்தான் தூக்குகிறாள். நீங்கள் பார்க்காமல் இல்லை. ஊர் கேட்கும் என்பீர்கள். கேட்டால் என்னைக் காட்டுங்கள். படித்த திமிரில் பையன் விடமாட்டேன் என்கிறான் என்று சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.

அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவள் வரவில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன், அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் அக்காவிடம் போகாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீ சொல்லி என்னாடா" என்றாள். உங்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்று இருக்கிறாள். பெரிதாக எதுவும் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, உள்ளே வை என்று சொல்லுங்கள். அது போதும்.

நீங்களும் அம்மாவும் அவளும் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் மகன்,
பவன்குமார்