துடுப்பு நிற்கிறது, படகு போகிறது

2 ஆகஸ்ட் 2025, சனி
லூனாஸ் குளத்தில் பயிற்சி. சிக் ஏரிப் படகுப் போட்டிக்கு மூன்று வாரம்தான். இருவர் ஓட்டும் இரட்டைக் கயாக் படகில் என் கணவர் சுகுமாரன் முன்னால், நான் பின்னால். லாரி ஓட்டி உரமேறிய கை அவருக்கு. அவர் துடுப்புப் போட்டால் என் முகமெல்லாம் தண்ணீர். போன வருஷம் கடைசிக்கு முந்தின இடம். "உனக்கு பவர் பத்தல, குணா," என்றார். பத்தலையா?

5 ஆகஸ்ட்
கூலிம் ஃபேக்டரியில் நாள் முழுக்க அளந்து பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் துடுப்பு வீச்சை மட்டும் ஏன் அளக்காமல் விட்டேன்?

8 ஆகஸ்ட், வெள்ளி
குளத்தில் மூங்கில் கழி ஒன்றை நட்டேன். எங்கள் படகு கிளப்பின் ஒற்றைக் கயாக்கில் ஆளுக்கொரு முறை கழியை ஒட்டிப் போனோம். கரையில் வைத்த கைப்பேசி படம் பிடித்தது.

வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் துடுப்பு கழிக்கு நேரே இறங்கி, மூன்றடி பின்னால் நுரையோடு எழும்புகிறது. என்னுடையது ஒரு சாண்கூட நகரவில்லை. துடுப்பு நிற்கிறது, படகுதான் அதைத் தாண்டிப் போகிறது! அவர் துடுப்பு முழுக்க மூழ்குமுன் இழுக்கிறார். காற்றும் கூடவே இறங்கி, பிடிமானம் போய்விடுகிறது. பலமெல்லாம் தண்ணீரைத் தள்ளவே செலவு. இடுப்பைத் தாண்டியும் இழுப்பதால் தண்ணீரை மேலே தூக்குகிறார். படகின் பின்பக்கம் அமுங்குகிறது.

குறை என் பவரில் இல்லை, எனக்குச் சந்தேகமே இல்லை.

9 ஆகஸ்ட்
அவரிடம் படத்தைக் காட்டினேன். "நான் முன்னாடி உட்கார்றேங்க. என்னைப் பார்த்துப் போடுங்க."

"பொண்டாட்டி முதுகைப் பார்த்துக்கிட்டு ஓட்டணுமா? கிளப்ல சிரிப்பாங்க லா!"

போன வருஷம் மட்டும் சிரிக்கலையா? — கேட்டுத் தொலைத்தேன். எழுந்து போய்விட்டார்.

11 ஆகஸ்ட்
சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பில்லை.

14 ஆகஸ்ட்
வேலை முடிந்து தனியாகக் குளத்துக்குப் போனேன். நாலாவது சுற்றில் பார்த்தால், கரையில் அவர்.

"உன் துடுப்புல சத்தமே வரலயே?"

"வரக்கூடாதுங்க."

இரட்டைக் கயாக்கை இறக்கினோம். அவரே பின்னால் ஏறினார். அரை மணி நேரம் துடுப்போடு துடுப்பு மோதல், முணுமுணுப்பு. பிறகு திடீரென்று படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் துடுப்பிலும் சத்தமில்லை, பின்னால் யாரும் இல்லாததுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அது கலைந்துவிடுமோ என்று பயம்.

23 ஆகஸ்ட், சனி
இருபத்திரண்டு படகில் ஐந்தாவது!

கரையேறியதும் கிளப்பைச் சேர்ந்த லோகேஸ்வரன் அவரிடம், "என்னண்ணே, அண்ணியை முன்னாடி உட்கார வச்சிட்டீங்க?" என்றார். நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் நின்றேன்.

"வேகம் வேணும்னா அங்கதான் லா உட்கார வைக்கணும்," என்றார் என் கணவர்.