பெட்டியின் ஆறாவது போல்ட்

அம்மா,

இன்று காலை பெற்றோல் அறையைத் திறந்தபோது யன்னல் விளிம்பில் ஒரு போல்ட் கிடந்தது. அது எந்த இடத்துப் போல்ட் என்று உடனே தெரிந்தது. மேலே பார்த்தேன். வயர்கள் சேரும் இரும்புப் பெட்டியின் மூடியில் ஐந்துதான் இருந்தன. ஆறாவது இருந்த மூலையில் மூடி சற்று விலகியிருந்தது. அந்த இடுக்கால் மெல்லிய வயர் ஒன்று சுவரில் இறங்கி, நுனியில் சிவப்புப் பல்பாக எரிந்தது. பல்புக்குக் கீழே, மாலையோடு, நீங்கள்.

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். நான் வீட்டில் நின்ற நேரம் மீன்பிடிச் சங்கத்துத் தலைவர் மாமா உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார். பதினொரு வருடம் இந்த இறங்குதுறையில் வள்ளங்களுக்குப் பெற்றோல் அளந்து கொடுத்தவருக்கு அவர் செய்த மரியாதை.

அதே சுவரில்தான் முன்பு நீங்கள் அம்மாள் தெய்வத்தின் படத்துக்குச் சிவப்புப் பல்ப் எரிய வைத்திருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு உங்களோடு வரத் தொடங்கிய மாதம், அறைக்குப் புதிதாக வயர் அடிக்க நாரந்தனை ஊர் அண்ணை வந்தார். முதல் வேலையாக அந்தப் பல்பைக் கழற்றினார்.

“அம்மாளின்ர விளக்கில கை வைக்கிறீரோ?” என்று பாய்ந்தீர்கள்.

“அக்கா, பெற்றோல் ஆவி நிலத்தோட கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பிளக்கில ஒரு பொறி பறந்தாக் காணும், நீங்களும் அம்மாளும் ஒண்டாப் போவீங்கள்.”

மெயின் சுவிச்சை வெளிச் சுவருக்கு மாற்றினார். உள்ளே ஒரே ஒரு விளக்கு, அதுவும் தடித்த கண்ணாடிக் கூட்டுக்குள். கடைசியாக அந்தப் பாரமான பெட்டியைப் பூட்டினார். “உள்ளுக்கு நெருப்புப் பிடிச்சாலும் வெளியில வரக் கூடாது. ஆறும் இறுக்கமா இருந்தாத்தான் இது பெட்டி. ஒண்டு குறைஞ்சா வெறும் தகரம்.”

நீங்கள் விளக்கில்லாத படத்தை நேராக்கிவிட்டு, “பறவாயில்லை, அம்மாளுக்கு இருட்டிலயும் கண் தெரியும்” என்றீர்கள். பிறகு ஒவ்வொரு காலையும் அண்ணாந்து பார்த்து உங்கள் உதடு அசையும். கும்பிடுகிறீர்கள் என்று வள்ளக்காரர் நினைத்தார்கள். நீங்கள் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

இன்று நான் எண்ணிக்கொண்டு நிற்க, மாமா பின்னால் வந்தார்.

“எப்பிடிப் பிள்ளை, கொம்மா வடிவா இருக்கிறா என்ன? பல்பும் நான்தான் பூட்டினனான்.”

அவர் கண் கலங்கியிருந்தது. வாசலில் முதல் ஆள் பெற்றோல் கானோடு நின்றார். நிலத்திலிருந்து பெற்றோல் மணத்தது. ஆட்களோடு கதைக்க எனக்கு ஏலாது என்பது உங்களுக்குத் தெரியும். விலையைக்கூடப் பலகையில் எழுதிக் காட்டுகிறவள் நான். அழுகிற மனிதரிடம், நீங்கள் பூட்டியது எல்லாரையும் கொல்லும் என்று எப்படிச் சொல்வது?

வெளியே போய் மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தேன். உள்ளே உங்கள் முகம் இருண்டது.

“ஏன் பிள்ளை நூத்தனீ?”

“அம்மாவுக்கும் இருட்டில கண் தெரியும், மாமா” என்றேன். அடுத்தது தானாக வந்தது. “அண்ணை வந்து பெட்டியைப் பூட்டும் வரைக்கும் பெற்றோல் இல்லை.”

கானோடு நின்றவர், “இவள் கதைப்பாளோ?” என்று மாமாவைக் கேட்டார்.

நான் கதவையும் யன்னலையும் விரியத் திறந்துவிட்டேன். போல்ட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அறையை விட்டுத் தள்ளி, இறங்குதுறையின் நுனிவரை நடந்துபோய், நாரந்தனை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.