ஓங்கிய கைக்கு இறங்கிய கழுகு

வெள்ளாறு காக்கும் மும்மலை நாட்டின் அரசி, மழைக்கோட்டை வேந்தர் திருமகள், குடிகாவல் பூண்ட இளநாகை மாதேவி, எயில்நாட்டுத் தலைவர் தித்தன் பொறையனார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஏரிகள் நிறைக. உம் தொழுவங்களில் கன்றுகள் தாயோடு உறங்குக. உம் மன்றத்தில் நீதி தாழாது நிற்க.

நீர் விடுத்த ஓலை நேற்று உச்சிவேளையில் எம் கை சேர்ந்தது. எம் இலச்சினை வளையம் பூண்ட குடுமிக் கழுகு பொன்விழியைக் கல்லேறு என்னும் சிற்றூரில் வேம்பி என்பாள் உலக்கையால் அடித்துக் கொன்றாள் என்றும், அரச உயிரைக் கொன்ற கையைக் களையும் பழஞ்சட்டப்படி வரும் முழுநிலவு நாளில் அவள் வலக்கையை வெட்ட இருப்பதாகவும், உம் விரைவை யாம் மெச்சுவோம் என நம்புவதாகவும் எழுதியிருந்தீர். யாம் மெச்சவில்லை. படித்து முடிக்குமுன் அழுதோம். முதலில் கழுகுக்காக, பிறகு எம் மடமைக்காக.

நடந்ததை நீர் முழுதும் அறியீர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கோழிக்குஞ்சுகளையும் குழந்தைகளையும் தூக்கிப் போகும் என்று அஞ்சி, குடிகள் கழுகின் கூடுகளைக் கல்லால் அடித்துக் கலைத்து வந்தனர். அவ்வச்சம் நீக்க எம் பறவைக்காவலர் வெண்பூதியாரைப் பொன்விழியோடு ஊரூராக அனுப்பினோம். பாம்பே இதன் முதல் இரை என்று அவர் வெறும் வாயால் சொன்னபோது குடிகள் கொட்டாவி விட்டனர். பறவையைக் கண்ணெதிரே கண்டதும் இமைகொட்டாது கேட்டனர். இறுதியில் கழுகை மிக வெறுப்பவர் எவரோ அவரை முன்னழைத்து, இறைச்சியோடு கையை ஓங்கச் செய்வது வழக்கம். பொன்விழி பறந்து வந்து அக்கையில் அமரும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாமே.

எவர் கைக்கும் வரப் பழகிய பறவை ஒருநாள் ஆபத்தான கைக்கும் போய்விடும், ஆதலின் இதை நிறுத்தியருள்க என வெண்பூதியார் மூன்றாண்டுக்கு முன்னரே வேண்டினார். கூட்டத்தின் மகிழ்ச்சியைக் கெடுக்காதீர் என்று சிரித்து அனுப்பினோம். அச்சிரிப்பை இன்று நினைக்கக் கூசுகிறது.

ஆடிக் காற்றில் காலில் கட்டிய வார் அறுந்து பொன்விழி பறந்து போயிற்று. வேட்டை மறந்த பறவை; நான்கு நாள் பட்டினி. கல்லேற்றில் வேம்பி தினை குத்திக்கொண்டிருந்தாள்; உரலருகே அவள் கைக்குழந்தை கிடந்தது. உலக்கையோடு ஓங்கிய கையைக் கழுகு அழைப்பென்று எண்ணியது. கால்களை நீட்டி இறங்கியது. குழந்தையைத் தூக்க வருகிறது என்று எண்ணிய தாய், கையிலிருந்ததையே வீசினாள். வேறென்ன செய்வாள்? உம் ஓலையின் பின்னே கழுகின் உடலைச் சுமந்து வந்த வெண்பூதியார், அவ்வூரார் கண்டதைக் கூறி, இறுதியில் அதன் இரைப்பை வெறுமையாய் இருந்தது என்று மட்டும் சொல்லி, அப்பெண்ணுக்காக எம் காலில் விழுந்தார்.

அவளுக்கு எவரேனும் இப்பறவையைக் காட்டியிருந்தால் அவள் அறிந்திருப்பாள். கல்லேற்றுக்கு வண்டித்தடம் சரியில்லை என்று அமைச்சர் அவ்வூரை விலக்க, யாமும் தலையசைத்தோம். யாம் அவ்வூருக்குச் செல்லவில்லை. கழுகு மட்டும் சென்றது.

ஆதலின் ஆணையிடுகிறோம். இவ்வோலை கண்ட கணமே வேம்பியை விடுவித்து, குழந்தையிடம் சேர்க்க. கை களையும் சட்டம் இன்றோடு ஒழிந்தது. எஞ்சிய பறவைகள் மரக்கொம்பில் இருந்தே குடிகட்குக் காட்டப்படும். எவர் கைக்கும் அவை அழைக்கப்படா. தடம் எவ்வாறாயினும் வெண்பூதியார் முதலில் கல்லேற்றுக்கே வருவார். வேம்பி அவரைக் காண மறுத்தால் வற்புறுத்தற்க.

உம் வழக்கோலையில், கொன்றவர் என்னுமிடத்தில் வேம்பியின் பெயரைச் சுரண்டி எடுத்து, எம் பெயரைப் பொறிக்க. அதனை ஊரார் அனைவரும் கேட்க, வேம்பி கேட்க, மன்றில் நின்று நீரே உரக்கப் படிக்க. படிக்குங்கால் அரசி என்றும் மாதேவி என்றும் சொல்லற்க. பெயர் மட்டும் போதும்.

இதற்கு எம் மோதிர இலச்சினை சான்று.

இளநாகை