பின் ஸ்டீயரிங்

மார்ச் 3

நாள் முழுவதும் தும்மல். கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டுப் புத்தகத்துக்காகப் பழைய படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுவதுதான் என் வேலை. தகரப் பெட்டியைத் திறந்தால் பழைய ஃபிலிமிலிருந்து காடி போலப் புளித்த வாடை அடிக்கிறது. எல்லாம் லாரிகள். வீட்டை விடப் பெரிய கொதிகலன்கள், டிரான்ஸ்ஃபார்மர்கள், அவற்றை இழுத்துப் போன நீள மூக்கு வண்டிகள். ஓட்டுநர்கள் அந்த வண்டிக்கு வைத்த பெயர் மூக்கன். படத்துக்குப் படம் மூக்கனின் முன்னால் யாரோ இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். பின்னால் இருந்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை.

ஒருவரைத் தவிர.

மார்ச் 5

அந்தப் படம் மேலாளர் அறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதில் இருப்பவர் என் அப்பா.

நீண்ட டிரெய்லரின் வால் தானாகத் திரும்பாது. கடைசிச் சக்கரங்களுக்கு மேல் ஒரு சின்ன இருக்கை, ஒரு ஸ்டீயரிங், ஒரு ஆள். முன்னால் வண்டி வலப்பக்கம் திரும்பினால் பின்னால் இருப்பவர் தன் சக்கரங்களை இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் வால் வளைவைத் தாண்டும். அன்றைக்கு வந்தது வலது வளைவு. படத்தில் சாலை தெரியவில்லை. அப்பாவும் புழுதியும் சக்கரங்களும்தான். சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பியிருக்கின்றன. படம் எடுத்த மறு நிமிடம் வால் சாலையை விட்டு இறங்கி, டிரான்ஸ்ஃபார்மர் சாய்ந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடக் கூடவே நடந்துவந்தவர் அதன் அடியில் நசுங்கிப் போனார்.

விசாரணையில் இந்தப் படமே சாட்சி. அப்பா அதோடு வேலையை விட்டார். அப்போது நான் பிறக்கவில்லை.

புத்தகத்துக்கு மேலாளர் எழுதிக் கொடுத்திருக்கும் வரி: 'பின் ஸ்டீயரிங்காரர் தவறிய கணம்.' நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

நான் யார் மகள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. சொல்லாமல்தான் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் — ஆறிய புண்ணைக் கீறவா? அது ஆறியதா?

மார்ச் 6

தட்டச்சு செய்யவில்லை.

மார்ச் 8

அப்பாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய் வாடகைக் காரில் திரும்பினோம். நான் போனில் இருந்தேன். வீட்டுக்கு முந்தைய பிரிவில் ஓட்டுநர், "பெரியவரே, லெஃப்ட்டா ரைட்டா?" என்றார்.

"இங்கயே நிறுத்துப்பா. நடந்துக்கறோம்."

எப்போதும் இதேதான். அம்மா இருந்தவரை வழி சொல்வது அம்மா. இப்போது நான். இடது, வலது என்ற சொற்களை அப்பா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. செருப்பைக்கூட "அந்தக் கால் செருப்பு" என்பார். சின்ன வயதில் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

மார்ச் 11

சட்டைப் பை.

சீருடைச் சட்டையில் பை நெஞ்சின் இடப்பக்கம். நம்பர் பலகை தெரியும் எல்லாப் படங்களிலும் அப்படித்தான். அப்பாவுக்கு மட்டும் வலப்பக்கம்.

மூல ஃபிலிமைத் தேடி எடுத்தேன். அதே துண்டில் அடுத்த படம் மூக்கனின் முகம், நம்பரோடு. நம்பரை நேராகப் படிக்கும்படி வெளிச்சத்தில் பிடித்தேன். பக்கத்தில் அப்பா. பை இடப்பக்கம். சக்கரங்கள் இடப்பக்கம்.

படத்தைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். காட்டிக்கொடுக்க அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாடி ஏறி முடித்தபின் தப்பான வீடு என்று தெரிந்தால் வருமே, அந்த அசதி.

மார்ச் 12

அப்பாவிடம் சொன்னேன். காபியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இல்லம்மா. தப்பாதான் திருப்புனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நடந்தது ஞாபகம் இருக்காப்பா, இல்ல அந்தப் படம் ஞாபகம் இருக்கா?"

ஒரு வாய் காபி குடித்தார்.

"சரி, நான் முன்னால ஓட்டறேன். வலது வளைவு வருது. திருப்புங்க."

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். ஆனால் டம்ளர் மேசைக்குப் போனது. அங்கே இல்லாத ஸ்டீயரிங்கைக் கைகள் பிடித்தன. இடப்பக்கம் போயின. யோசிக்கவே இல்லை.

கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டார். நான் செய்தது சரியா?

மார்ச் 14

மேலாளரிடம் ஃபிலிமைக் காட்டினேன்.

"இத்தனை வருஷமா என் தலைக்கு மேல தொங்குது. இப்ப வந்து தலைகீழ்ங்கறியே."

"தலைகீழ் இல்ல சார். இடம் வலமா மாறியிருக்கு."

"உனக்கு எதுக்கும்மா இவ்ளோ அக்கறை?"

"அவர் எங்கப்பா."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி துடைத்தார். அந்த வருடம் காலண்டர் போட்டார்களாம். வண்டிகள் எல்லாம் வலப்பக்கம் பார்த்துப் போனால்தான் முன்னேற்றம் என்பது பெரிய முதலாளியின் நம்பிக்கை. இடப்பக்கம் பார்த்த படங்களில் எழுத்து இல்லாதவற்றை எல்லாம் திருப்பிப் போடச் சொன்னது இந்த மேலாளர்தான். விசாரணைக்காரர்கள் கேட்டபோது கையில் இருந்தது அந்தப் பிரதி.

"உங்கப்பா மொத நாள் இடதுன்னுதான் சொன்னாரு. படத்தக் காட்டுனாங்க. அப்புறம் அவரு வாயத் தெறக்கல."

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை. வயதான மனிதர், விரல்கள் கண்ணாடித் துணியை விடவேயில்லை.

"கீழ என்ன போடணும்?" என்றார்.

"இருக்கறத மட்டும் போடுங்க சார்."

வால் ஏன் இறங்கியது? சாலையோர மண் சரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை நானும் எழுத மாட்டேன்.

மார்ச் 21

பக்கம் வடிவமைக்கும் பையன் போன் செய்தான். "அக்கா, உங்க படத்துல வண்டி புக்கை விட்டு வெளிய ஓடுது. உள்ள பாத்து இருந்தா அழகா இருக்கும். திருப்பிப் போட்டுடவா? ஒரு க்ளிக்தான்."

"தொட்டா கையை ஒடிப்பேன்."

"ஐயோ, சும்மா கேட்டேங்க்கா."

சும்மாதான் கேட்கிறார்கள். அன்றைக்கும் சும்மாதான் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 22

அச்சகத்துக்கே போய்ச் சரிபார்த்தேன். சட்டைப் பை இடப்பக்கம்.

ஏப்ரல் 16

புத்தகம் வந்தது. படத்தின் கீழே: 'வலது வளைவு. பின் சக்கரங்கள் இடப்பக்கம்.' அதற்கும் கீழே அப்பாவின் பெயர், முட்டுக்கட்டை போட்டவரின் பெயர். இரண்டாவதை நான் கேட்கவில்லை, மேலாளர் சேர்த்திருக்கிறார். வாசிப்பவர்களுக்கு இது ஒன்றும் புரியாது. அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "சட்டை அழுக்கா இருக்கு" என்றார். மூடி வைத்தார். இவ்வளவுதானா? இதற்காகத்தானா இத்தனையும்?

ஏப்ரல் 20

மறுபடி கண் மருத்துவர். திரும்பும்போது அசதியில் காரிலேயே தூங்கிப்போனேன். வண்டி வேகம் குறைவது தெரிந்து கண்ணைத் திறக்காமல் விழித்தேன். வீட்டுக்கு முந்தைய பிரிவு. ஓட்டுநர் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"இடது பக்கம்" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "மெதுவா திருப்புப்பா. பொண்ணு தூங்குது."

கண்ணைத் திறக்கவில்லை. கார் திரும்பியது.