மூணாந்தரம் சொல்லாத பாட்டு

மச்சான்,

இன்று காலை அவரைக்கொடிப் பந்தலுக்கு நைலான் நரம்பு வாங்கப் புதுப்பட்டினம் போனேன். தூண்டிலுக்குக் கட்டுகிற அதே நரம்புதான். கடைக்காரர் அதன் உறுதியைக் காட்ட இழுத்துப் பிடித்து விரலால் சுண்டினார். அவ்வளவுதான், கடையே மறந்துபோனது. அது உன் கிட்டார் சத்தம்.

"எவ்ளோ வேணும் பெரியவரே?" என்று அவர் கேட்க, "இன்னொரு தபா சுண்டுங்க" என்றேன். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் உங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கிட்டாரை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனான், கூடவே ஒரு கேசட்டும். நான் அப்போது செங்கல்பட்டில் ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலாளியிடம் கெஞ்சி டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். லாரி ஓட்டுகிறவன், ரயிலைத் தவறவிட்டவன், வீட்டை நினைத்து ஏங்குகிறவன், இவர்களைப் பற்றிய பாட்டுகள்தான் அந்தக் கேசட்டில். கண்ட்ரி ராக் என்று பெயராம். "நம்ம கததான் மச்சான், பாஷ மட்டும் வேற" என்றாய். அடுத்த மழைக்காலத்துக்குள் நீயே பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாய்.

கிட்டார் கம்பி அறுந்தபோது தூண்டில் நரம்பைக் கட்டினாய். அது இழுக்க இழுக்க நீளும். ஒரு சரணம் முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். நீ வெட்கப்படவே மாட்டாய். ரயில் பாட்டென்றால், கிட்டார் திருகாணியை முறுக்கிக்கொண்டே பாட்டுக்குள்ளிருந்து பேசுவாய். "இரு, கொளவாய் ஏரி வந்துட்சி. சிக்னல் போடல. டீ குடிச்சிகினு வா" என்பாய். சுருதி சேர்ந்ததும் ரயில் கிளம்பும். உன் செங்கல்பட்டு ஜங்ஷன் பாட்டில் எனக்குப் பிடித்ததே ரயில் நின்றுகொண்டிருக்கும் அந்த நேரம்தான். கல்பாக்கத்துக்குச் சிமெண்டு ஏற்றிப் போகும் லாரிக்கும் ஒரு பாட்டு வைத்திருந்தாய். உன் குரல் ஒன்றும் தேனில்லை, கரகரப்புதான். ஆனாலும் அதற்குப் பிறகு நான் கேட்ட எந்தப் பெரிய பாடகரும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடியதில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். உனக்கு அது போதவில்லை. உன் அம்மா ஒரே ஒருமுறை உட்கார்ந்து கேட்கவேண்டும், அதுதான் உன் ஆசை. அவரோ கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். "இன்னாத்துக்குடா இந்தப் பொட்டியக் கட்டிகினு கீற?" என்பதோடு சரி. அவர் ஏலம் கூறும் ராகத்தையே எடுத்து நீ ஒரு பாட்டுக் கட்டினாய். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்பதுதான் பல்லவி. ஆனால் அதைக் கரையில் பாட உனக்கு உதறல்.

ஒருநாள் காலையில் வலையில் வஞ்சிரம் நிறையப் பட்டிருந்தது. "அம்மா சிரிச்சிகினு கீது, பாடுறா" என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். நீ கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாய். கொஞ்சம் தள்ளி, புதுப்பட்டினத்து வியாபாரி அம்மாள் கேட்ட விலை போதாதென்று உன் அம்மா ரெண்டு தரத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடியவனுக்கு அது எங்கே தெரியும்? 'மூணு தரம்' என்று நீ நீட்டி முடித்தாய். அந்த வியாபாரி அம்மாள் மீன் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டார்.

"இன்னாமே தூக்கிகினு போற? நான் இன்னும் முடிக்கல!"

"உன் புள்ள முடிச்சிட்டான். உங்க வூட்டு வாய்தான?"

வீட்டு ஆள் வாயிலிருந்து மூணாந்தரம் வந்துவிட்டால் திருப்பி வாங்க முடியாது, அது கரையின் வழக்கம். அம்மா கொடுத்துவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ கிட்டாரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாய். இன்றைக்கு அது அடுப்புக்குத்தான் என்று நினைத்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, உன் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"அது என் கொரலுதான?"

"ஆமாம்மா."

"இன்னொரு தபா பாடு. மூணாந்தரத்த மட்டும் நான் சொல்லுவேன். நீ வாய மூடிகினு இரு."

அன்றிலிருந்து நீ ரெண்டு தரத்தோடு நிறுத்துவாய், அம்மா கூவி முடிப்பார். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த இடத்தில் நிறுத்திக் காத்திருப்பாய். புதிதாகக் கேட்கிறவர்கள் உனக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

நான் பதிவு செய்த கேசட்டெல்லாம் பூசணம் பூத்துப் போனது. பாட்டு மட்டும் முழுசாக எனக்கு மனப்பாடம். இன்று பந்தல் கட்டும்போது நரம்பை இழுத்துச் சுண்டிப் பாடிப் பார்த்தேன். மருமகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு தரம். ரெண்டு தரம். அங்கே நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

நீயும் போய்ச் சேர்ந்து இத்தனை நாளாகியும் மூணாந்தரத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, மச்சான்.